ஏழாம் நம்பர் கேஸிங்

திருச்சியில் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் எக்ஸ்ரே ஃபிலிம் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. யாரையும் நம்பாதவன் என்று எனக்குப் பெயர். அந்த வேலைக்கு அதுதான் தகுதி என்று நினைத்திருந்தேன்.

தரையிலிருந்து பாய்ந்து விமானத்தை அடிக்கும் ஏவுகணைக்கு மோட்டார் கேஸிங் செய்தோம். ராக்கெட்டின் திட எரிபொருளை அடைக்கும் உருக்குக் குழாய் அது. எதிரி விமானம் வரும் நேரத்தில் திரவ எரிபொருளை நிரப்பிக்கொண்டிருக்க முடியாது. அதனால் திட எரிபொருளை முன்பே அடைத்து வருஷக்கணக்கில் தயாராக வைத்திருப்பார்கள். பற்றிக்கொண்டால் நிறுத்த முடியாது. வெல்டிங்கில் ஓட்டை இருந்தால் குழாய் வெடித்துப் பக்கத்தில் நிற்கும் நம் சிப்பாய்தான் சாவான்.

ஒருநாள் ஆறாம் நம்பர், ஏழாம் நம்பர் குழாய்களின் ஃபிலிம் இரண்டிலும் வெல்டின் மேல் அதே இடத்தில் அதே கறுப்புக் கோடு. எக்ஸ்ரே எடுப்பவர் பாலக்கரை கதிரேசன். ஏழில் ஏதோ கோளாறு, அதை மறைக்க ஆறையே இரண்டு தடவை எடுத்து நம்பரை மட்டும் மாற்றிவிட்டார் என்று முடிவு கட்டினேன்.

"ரெண்டு குழாய்க்கும் ஒரே இடத்துல மச்சமா கதிரேசன்?"

"ஃபிலிமோட வெக்கிற ஈயத் தகட்டுல கீறல் இருக்கு சார். அந்தத் தகட்ட வெச்சு எடுக்கிற எல்லா ஃபிலிம்லயும் அது விழும்."

"அப்படியா? தகட்டைத் திருப்பி வெச்சு ஏழை மறுபடி எடுங்க. நம்பர் வெக்கும்போது நான் பக்கத்துல நிப்பேன்."

மேனேஜர் வந்தார். "நாளைக்கு லோடு போகணுங்க. அவர் பொய் சொல்ற ஆளில்ல, கையெழுத்தப் போடுங்க."

மேனேஜர் மேலும் சந்தேகம் வந்தது. போடவில்லை.

புது ஃபிலிமை விளக்கில் வைத்தேன். கோடு மறுமுனைக்குப் போயிருந்தது. கதிரேசன் சொன்னது உண்மை. வெட்கமாக இருந்தது. ஆனால் பழைய இடத்தில் இன்னொரு கோடு தெரிந்தது, அதைவிட மெல்லிசாக. கீறல் அதை மறைத்திருந்தது. குழாயை அறுத்துப் பார்த்தோம். வெல்ட் உள்ளே ஒட்டவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

கதிரேசன் கோபப்படவில்லை. "புதுத் தகடு வேணும்னு ரெண்டு தடவை எழுதிக் குடுத்தேன் சார். உங்க டிராயர்லதான் இருக்கும்."

இருந்தது. பழைய ஈயத்தை எடைக்குப் போடத்தான் கேட்கிறார் என்று சந்தேகப்பட்டு, முழுதும் படிக்காமல் உள்ளே தள்ளியிருந்தேன்.

இப்போது ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் தாராளமாகச் சந்தேகப்படுங்கள். முதலில் உங்கள் டிராயரைத் திறந்து பாருங்கள்.