போதும்பொண்ணு மகளுக்குப் பேர் விட்ட கதை

கழுகுமலைப் பக்கம் அந்தக் காலத்தில் பெண்ணுக்கு மேல் பெண்ணாகப் பிறந்தால் கடைசிப் பிள்ளைக்குப் 'போதும்பொண்ணு' என்று பேர் வைத்துவிடுவார்கள். சாமி காதில் விழுந்து அடுத்ததை ஆணாக அனுப்புமாம். சாமியிடம் கேட்க வேண்டியதைக் கோயிலில் போய்க் கேட்டுத் தொலையாமல், பச்சைப் பிள்ளையின் தலையில் கட்டி ஊர் முழுக்கக் கூப்பிட வைக்கிற புத்தியை என்னவென்று சொல்வது!

அப்படிப் பேர் வாங்கியவள்தான் இந்தப் போதும்பொண்ணு. அவளுக்குப் பின்னாலும் பெண்ணாகவே பிறந்தது. ஒவ்வொரு தடவையும் அப்பன் இவளைத்தான் மொத்தினான். "பேரு வச்சும் பலிக்கலையே, மூதேவி" என்பான். யார் வாஞ்சையாகக் கூப்பிட்டாலும் அந்தப் பேர் காதில் விழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கல்யாணமாகி, பருத்தி மில்லில் வேலை பார்த்த வெயிலுமுத்துவுக்கு இரண்டு பெண்களைப் பெற்றாள். மூன்றாவது வயிற்றில் இருந்தபோது தீப்பெட்டி ஆபீசில் லேபிள் ஒட்டப் போய்க்கொண்டிருந்தாள். மசக்கைக்காரிக்கு அந்த மைதாப் பசை நாற்றமும், பூச்சி அரிக்காமலிருக்க அதில் கலக்கிற மயில்துத்த நெடியும் போதாதா? ஒட்டுவதும் ஓடிப்போய் வாந்தியெடுப்பதுமாகக் காலம் போயிற்று.

அப்போதுதான் மதுரையில் படித்துவிட்டு வந்த சின்ன முதலாளி பெருமாள்சாமி புது லேபிள் அடித்துக் கொண்டுவந்தார். கையில் பெட்டியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் படம். கீழே 'பண்டோரா' என்று எழுதியிருந்தது.

"அப்படின்னா என்ன மொதலாளி?" என்று கேட்டாள் போதும்பொண்ணு.

"கிரேக்க நாட்டுப் புராணத்துல வார பேரும்மா. எல்லா வரமும் வாங்குனவள்னு அர்த்தம். மண்ணுல ஒரு பொண்ணைச் செஞ்சு, சாமிகள்லாம் ஆளுக்கொண்ணு குடுத்துச்சாம். ஒரு சாமி அழகு, ஒரு சாமி சேலை, ஒரு சாமி பேச்சு."

அன்று முழுக்க அவளுக்குக் குமட்டவே இல்லை. பெண்ணாகப் பிறந்தால் இந்தப் பேர்தான் என்று மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டாள். பெண்தான் பிறந்தது.

நாத்தனார் பெத்தம்மாள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னொரு போதும்பொண்ணா?" என்றாள். அந்தப் பக்கத்தில் பேர் விடுகிற உரிமை அத்தைக்காரிக்கு. பிள்ளையின் நாக்கில் சேனை என்கிற சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைத்து, காதில் அவள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டால் முடிந்தது, அப்புறம் மாற்ற முடியாது. போதும்பொண்ணு தான் நினைத்து வைத்திருந்த பேரைச் சொன்னாள், 'பண்டோரா' என்று. பெத்தம்மாளும் அதே ஆபீசில் பெட்டி அடைக்கிறவள்தானே, நேரே போய்ச் சின்ன முதலாளியிடம் முழுக் கதையையும் கேட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"அறிவிருக்காட்டி உனக்கு? எவனோ ஒருத்தன் சாமிகிட்ட இருந்து நெருப்பைத் திருடி மனுசங்களுக்குக் குடுத்துட்டானாம். அதுக்குத் தண்டனையாத்தான் அவளைச் செஞ்சு அனுப்புனாகளாம். சாமிக குடுத்தனுப்புன பெட்டிய அவ திறந்து நோயும் நொடியும் ஊருல பரவிருச்சாம். நாட்டைக் கெடுத்தவ பேரையா பிள்ளைக்கு வைக்கப் போற?"

போதும்பொண்ணுக்குக் காறித் துப்ப வேண்டும்போல இருந்தது. கடல் தாண்டிப் போனாலும் இதே கூத்துதானா? நெருப்பு கிடைத்ததற்குத் தண்டனை பொம்பளையாம்! இங்கே விடியுமுன்னே எழுந்து, விரல் வெந்து, அந்த நெருப்பைப் பெட்டி பெட்டியாக அடைத்து அனுப்புகிறவள் யார்? வரத்தையும் கொடுத்து, பெட்டியையும் கொடுத்து, பழியையும் பண்டோராவின் தலையிலேயே போட்ட அந்தச் சாமிகளும் தன் அப்பனும் ஒரே குட்டையில் ஊறியவர்கள் என்று தோன்றியது.

பேர் விடுகிற நாளில் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூத்தவளுக்கு ஆளாளுக்குக் கொலுசும் சட்டையும் கொண்டுவந்தவர்கள் இன்றைக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருந்தார்கள். வெற்றிலையை மட்டும் மென்றார்கள். வெயிலுமுத்து வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெத்தம்மாள் தொட்டிலுக்குக் குனிந்தாள்.

போதும்பொண்ணு பிள்ளையின் காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"நான் கூப்பிட்டுக்கிடுதேன் மதினி."

"எந்தப் பேர? அந்தக் கேடுகெட்டவ பேரையா?"

"ஆமா."

"பொண்ணு பிறந்தா நாடு கெட்டுப்போகும்னு சொன்ன கதைட்டி அது! நீயே உன் பிள்ளைக்கு வைக்கியே!"

"அந்த ஊர்க்காரனும் நம்மளை மாதிரி ஈனப்பயதான், நான் இல்லைன்னு சொல்லலை. பொண்ணு வந்ததாலதான் கெட்டோம்னு கதை கட்டுனான். ஆனா மதினி, அவன்கூட, சாமிக அவளை வெறுங்கையோட பாக்க வந்தாகன்னு சொல்லலையே. ஆளுக்கொண்ணு குடுத்தாகன்னுதான சொல்லுதான்." கூடியிருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "என் பிள்ளைக்கு நீங்க என்ன கொண்டாந்தீக?"

வெயிலுமுத்து தலை குனிந்துகொண்டான். போதும்பொண்ணு கையை எடுத்துவிட்டு, பிள்ளையின் காதில் மூன்று தடவை பேரைச் சொன்னாள்.