எலுமிச்சையா, வெட்டிவேரா

எங்கள் வீட்டில் மூக்கு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பால் திரிவதற்கு முன்பே சொல்லிவிடுவேன். ஒன்பது வயதில் எனக்கிருந்த ஒரே பெருமை அது. அதை நம்பித்தான் அத்தை என்னிடம் வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. விடிவதற்கு முன் எழுந்து இரண்டு எருமைகளையும் கறந்து, சாணம் வாரி, குளித்து, திருத்தணி ஸ்டேஷனுக்கு ஓடி ரயிலைப் பிடித்து அம்பத்தூரில் ஒரு ஆபீசுக்குப் போவாள். சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் உட்காரும் பெண் தன் நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாளாம். "காத்து வேணுமாம்" என்று அம்மாவிடம் சொன்னாள். சொல்லும்போது அவள் சிரித்ததால் நானும் சிரித்து வைத்தேன்.

அந்த வாரமே மலையடிவாரத்து ஃபேன்சி ஸ்டோரிலிருந்து இரண்டு சாம்பிள் சென்ட் குப்பிகள் வாங்கி வந்தாள். விரல் நீளம்கூட இல்லை. ஒன்று வெட்டிவேர், ஒன்று எலுமிச்சை. பெரிய பாட்டில் இரண்டுமே கட்டுப்படியாகிற விலைதானாம். ஆனால் தினப்படிக்கு ஒன்று போதும்.

"தினம் ஒண்ணு அடிச்சிக்கினு போறேன். சாயந்திரம் மோந்து பாத்து எது வாங்கலாம்னு நீ சொல்லு. பொய் சொல்லாத" என்றாள்.

நீதிபதியே ஆகிவிட்டேன். முதல் நாள் வெட்டிவேர். ரயிலிறங்கி வந்தவளின் தோளில் மூக்கை வைத்தால் பானைத் தண்ணீர் மாதிரி குளுகுளுவென்று இருந்தது. அவ்வளவுதான், அத்தையைக் காணோம். யாரோ விருந்தாளியைக் கட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் எலுமிச்சை. மேலே எலுமிச்சை வாசம், அதற்கு அடியில் பால், வைக்கோல், ஊறின புண்ணாக்கு. நான் தினமும் கட்டிக்கொண்டு தூங்குகிற வாசனை.

"இதான் அத்தை. இதுல உன் வாசனையும் வருது."

"என் வாசனைன்னா?"

"நம்ம மாட்டுக் கொட்டாய் வாசனை" என்றேன், ஆசையாக.

அத்தை புடவைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். "ஆங், சரி" என்று உள்ளே போய்விட்டாள். மறுநாள் வெட்டிவேர் பாட்டிலோடு வந்தாள்.

எனக்கு வந்ததே கோபம். தீர்ப்பைக் கேட்டுவிட்டு மதிக்காதவளிடம் என்ன பேச்சு என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவளும் சமாதானம் சொல்ல வரவில்லை. காலையில் அவள் குளிக்கிற நேரம் மட்டும் நீண்டுகொண்டே போனது. சோப்பு சீக்கிரம் கரைகிறது என்று அம்மா முணுமுணுத்தாள்.

நாற்காலியை நகர்த்தியவளுக்கு வேண்டியது காற்று இல்லை என்பது, அதே ரயிலில் நானும் வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது. எது நல்ல வாசனை என்று அத்தை என்னைக் கேட்கவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. அத்தை பாட்டிலைத் தொடவில்லை. மத்தியானம் அவள் மடியில் போய்ப் படுத்தேன். பாலும் வைக்கோலுமாக இருந்தாள். என் தீர்ப்பை வாரத்தில் ஒரு நாளாவது மதிக்கிறாளே என்று மன்னித்துவிட்டேன்.