அத்தானுக்குப் பிடித்த பெயர்

கட்டைவிரல் பருமனில் ஒரு நீலக் கண்டன்சர் என் மேசையில் கிடக்கிறது. பழைய டிவி ஒன்றிலிருந்து கழற்றியது. தூசி துடைக்கும்போது இன்றும் அதன் கம்பிகளில் விரல் படாமல் பார்த்துக்கொள்கிறேன்.

தொண்ணூறுகளில் பாறசாலையில் அத்தானுக்கு டிவி பழுதுபார்க்கும் கடை இருந்தது. அக்காவும் நானும் அங்கேதான் வேலை பார்த்தோம். அந்தத் தொழிலில் ஒரு குரூர விளையாட்டு உண்டு. கண்டன்சரில் மின்சாரத்தை ஏற்றிவைத்து, புதிதாக வருபவரிடம் "பிடி மக்கா" என்று எறிவார்கள். பிடித்தவர் அலறுவார். அக்கா கல்யாணமாகி வந்த வாரமே அத்தான் அதை அவளிடம் எறிந்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

அக்கா ஐ.டி.ஐ.யில் படித்தவள், கப்பாசிட்டர் என்றுதான் சொல்வாள். ஒரு மத்தியானம் கொல்லயில் ஊரிலிருந்து டிவியைச் சரிபார்க்க வந்தவர், இருவரும் பேசியதைக் கேட்டு, ஒரே சாமானுக்கு எதற்கு இரண்டு பெயர் என்று கேட்டுவிட்டார். அக்கா உற்சாகமாகச் சொன்னாள். அந்தக் காலத்தில் மின்சாரத்தை ஒருவகை நீர்மம் என்று நினைத்தார்களாம். அதை நெருக்கி அடர்த்தியாக்கும் கருவி என்பதால் கண்டன்சர். பிறகு, எவ்வளவு கொள்ளும் என்பதை வைத்து கப்பாசிட்டர் ஆனது. இரண்டுமே லத்தீன் வேர்களிலிருந்து வந்தவை.

வந்தவர் அத்தானைப் பார்த்துச் சிரித்தார். "ஓய், இவ்வளவு நாளும் ஒமக்கு இது தெரியாதாக்கும்?"

அவர் போனதும் அத்தான் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"எட்டீ, இனி கண்டன்சருண்ணு சொல்லு."

அவள் வாய் திறக்குமுன் அறை விழுந்தது. முடியைப் பிடித்து முகத்தை மேசையில் இடித்தார். ஈயம் பற்றவைக்கும், பழுக்கக் காய்ந்த சால்டரிங் அயனை அவள் கையில் வைத்து அழுத்தினார். தோல் கருகும் வாடை வந்தது. சட்டையைப் பிடித்து இழுத்த என்னை அவர் உதறிய வேகத்தில் சுவரில் மோதி விழுந்தேன். அந்த மனிதரைக் கொன்றுபோட வேண்டும் போலிருந்தது.

அக்காவின் மறுகை மேசைமேல் துழாவியது. அடுத்த ஏமாளிக்கென்று அவர் ஏற்றிவைத்திருந்த கண்டன்சர் கிடைத்தது.

"பிடியும்!"

எத்தனையோ பேரை ஏமாற்றிய மனிதர், அயனைப் போட்டுவிட்டுப் பழக்கதோஷத்தில் இரண்டு கையாலும் பிடித்தார். அலறிக்கொண்டு பின்னாலிருந்த ஸ்டூலில் தடுக்கி மல்லாந்து விழுந்தார். பின்மண்டை உடைந்து ரத்தம் கழுத்தில் வழிந்தது.

அக்கா உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "இதைவிட வலிய கண்டன்சரும் உண்டு, கேட்டேரா?"

அவருக்குப் பிடித்த பெயரை அவள் சொன்னது அந்த ஒருமுறைதான். கீழே கிடந்த நீலக் கண்டன்சரை எடுத்துக்கொண்டு நான் ஷட்டரை உயர்த்தினேன். பிறகு அவள் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை.

போன வாரம் அக்கா வந்திருந்தாள். "இதுல இப்ப ஒண்ணும் இல்ல மக்கா" என்று சொல்லி, மேசையில் கிடந்ததை என்னிடம் எறிந்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அது தரையில் உருண்டு போனது. அவள் குனிந்து எடுத்தபோது, கையில் அயன் பதிந்த இடம் இன்னும் பளபளத்தது.