இளையவளின் விரல்கள்

மூத்தவளுக்கு நாலரை வயதில் விரல் கணுக்கள் தடித்தன. சிவக்கவில்லை, சுடவில்லை, வலிக்கிறது என்றும் அவள் சொல்லவில்லை. பூசினாற்போல் வளர்கிறாள் என்றுதான் நினைத்தேன். ஆறு வயதில் ஒருநாள் தண்ணீர் பாட்டில் நிறைந்தபடியே பள்ளியிலிருந்து திரும்பி வந்தது. மூடியைத் திருக முடியவில்லை, டீச்சரிடம் கேட்க வெட்கமாக இருந்தது என்றாள். வரப்பில் நடந்தால் இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். பிறகு சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போயிற்று.

தஞ்சாவூரில் பார்த்த டாக்டர், குழந்தைகளுக்கு வரும் மூட்டுவாதம் என்றார். மூன்று வருடம் மாத்திரை கொடுத்தோம். முகம்தான் உப்பியது. ஒவ்வொரு தடவையும் ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வரும். நாங்களும் நிம்மதியாகக் கீழ்வேளூருக்குப் பஸ் ஏறுவோம்.

சென்னையில் ஒரு பெண் டாக்டர் இடுப்பு, முதுகு, கை எல்லாவற்றையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். பிறகு, "சொந்தத்துல கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

என் கணவர் என் அத்தை மகன். சொன்னேன்.

இது வாதமே இல்லை, மூட்டுகளில் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்துகொண்டே போகிற அபூர்வமான பரம்பரை நோய் என்றார். எங்கள் இருவரிடமும் வெளியே தெரியாமல் இருந்தது, பிள்ளையிடம் வந்து சேர்ந்திருக்கிறது. குணமாக்க மருந்து கிடையாது. வளர்ந்த பிறகு இடுப்பு மூட்டை மாற்றிப் பார்க்கலாம். பழைய மாத்திரைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சொன்னார்.

அப்போது இளையவளுக்கு மூன்று வயது. அவளுக்கும் வருமா என்று கேட்டேன். வரலாம், வராமலும் போகலாம், ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். தெரிந்து என்ன செய்யப்போகிறோம் என்றார் என் கணவர். நானும் எழுந்து வந்துவிட்டேன். ஊருக்கு வந்து, அத்தையிடம் காரணத்தைச் சொல்லவில்லை. கண்ணேறு என்று அவர் இன்னும் சுற்றிப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அதன்பிறகு இளையவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் விரல்களைப் பார்ப்பேன். சில நாள் பயந்துகொண்டு பார்க்காமலே துவட்டிவிடுவேன். அவளோ வாய்க்கால் மதகு மேலிருந்து குதித்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருடம் கழித்து, அரையாண்டு லீவில், மூத்தவள் தங்கைக்கு மருதாணி வைத்துவிட்டாள். வைத்து முடித்ததும் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அம்மா, பாப்பாவுக்கும் வந்துட்டு."

நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். நடுவிரலை மடக்கச் சொன்னாளாம், பாதிக்கு மேல் மடங்கவில்லையாம். அவள் அழவில்லை.

"அவகிட்ட இப்ப சொல்லாதம்மா. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

எக்ஸ்ரேயும் அதையேதான் சொன்னது. அன்று முழுவதும் என் கணவர் வயலிலேயே நின்றார். அன்று எடுக்காமல் வந்த ரத்தப் பரிசோதனையைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை.

இப்போது மூத்தவளுக்குப் பதினான்கு வயது. படியேறச் சுவரைப் பிடிக்கிறாள். இளையவளுக்கு எட்டு; ஓட்டம் நின்றுவிட்டது. சென்னை ஆஸ்பத்திரியில், இருவரையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம், வருடத்துக்கு ஒருமுறை கூட்டிவந்தால் போதும் என்கிறார்கள்.