எரியாத கால்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சித்திரை வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. எங்களுக்கு மரக்காணம். நானும் என் வீட்டுக்காரரும் குத்தகைக்கு உப்பளம் எடுத்து உப்பு விளைவிக்கிறோம். அதற்கு முந்தைய வருடம் எனக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்து, புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், கீமோ எல்லாம் முடித்துக்கொண்டு பொங்கலுக்கு வீடு திரும்பியிருந்தேன்.

சும்மா உட்கார்ந்திருக்கிற ரகம் இல்லை நான். "சின்னச் சின்ன வேலை செய்யலாம்" என்று டாக்டர் சொன்னதை என் வசதிக்கு எடுத்துக்கொண்டு, பங்குனியிலேயே உப்புப் பாத்தியில் இறங்கிவிட்டேன். தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. துண்டைக் கட்டிக்கொண்டு வரப்பில் நடந்து வந்த என்னைப் பார்த்து, கூட வேலை செய்கிற பெண்கள் வாயைப் பிளந்தார்கள். "இன்னா அப்படிப் பாக்கறீங்க? நான்தான், முழுசா வந்துட்டேன்" என்றேன். முழுசாக என்பது பொய்தான், ஒரு பக்க மார்பை எடுத்துவிட்டார்கள். ஆனால் வாய் மட்டும் துளியும் குறையாமல் திரும்பி வந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி கீமோவின்போது ஒரு டாக்டரம்மா என்னிடம் பேசினார். இந்த மருந்து நோயை அடக்குகிறது, ஆனால் சிலருக்குக் கை கால் நரம்பையும் தோலையும் நகத்தையும் பாதிக்கிறது, அது யாருக்கு எவ்வளவு, எப்போது சரியாகிறது என்று ஆராய்ச்சி செய்கிறோம், சேர விருப்பமா என்று கேட்டார். கட்டாயம் இல்லை, பிடிக்காவிட்டால் நடுவிலேயே விலகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அப்போது என் நகமெல்லாம் நாவல்பழத் தோல் போலக் கறுத்திருந்தது. உள்ளங்கையில் தோல் உரிந்துகொண்டிருந்தது. பாதம் இரண்டும் எந்நேரமும் தடித்த சாக்ஸ் போட்டது போல மதமதவென்று இருந்தன. எனக்கு முன்னால் யாரோ சில பேர் இப்படிச் சரி என்று சொன்னதால்தானே எனக்கு மருந்து வந்தது என்று நினைத்து, நானும் சரி என்றேன்.

அதிலிருந்து அவ்வப்போது போன் வரும். கை எப்படி இருக்கிறது, கால் எப்படி இருக்கிறது, காலில் புண் ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார்கள். இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் யோசித்ததே இல்லை. பட்டென்று "ஒண்ணும் இல்லைங்க" என்று சொல்லிவிடுவேன்.

நான் வேண்டுமென்று மறைக்கவில்லை. உப்பளத்துக்காரர்கள் யாரும் காலைத் திருப்பிப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். காலையில் பாத்தியில் கால் வைத்ததும் எங்கேயாவது வெட்டோ வெடிப்போ இருந்தால் உப்புத்தண்ணி பட்டு உச்சந்தலை வரை எரியும். எரிந்தால் கரையேறித் துணி சுற்றிக்கொள்வோம். எரியாவிட்டால் புண் இல்லை, வேலையைப் பார்க்கலாம். கண்ணை நம்புவதைவிட எரிச்சலை நம்பித்தான் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறோம். கீமோவுக்குப் பிறகு எனக்கு எரியவே இல்லை. மற்றவர்கள் காலையில் "ஐயோ, அப்பா" என்று நொண்டும்போது, நான் மட்டும் மகாராணி போல நடுப்பாத்தியில் நின்றுகொண்டு பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"யக்கா, அந்த ஊசிய எங்களுக்கும் ரெண்டு போடச் சொல்லேன்" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவ்வளவு பெரிய வைத்தியம் பார்த்ததற்கு இப்படி ஒரு இலவச லாபமும் கிடைத்தது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

சித்திரையில் நரம்புப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். அன்றைக்கு லோடு ஏற்ற லாரி வந்திருந்ததால் வீட்டுக்காரர் வரவில்லை. நான் தனியாகவே பஸ் ஏறிப் போனேன். பரிசோதனை அறையில் திண்டிவனத்துப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயது, சிரித்த முகம். முதலில் கவட்டை போல ஓர் இரும்பைத் தட்டி, கால் கட்டைவிரலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு அதிர்வு தெரிகிறதா என்று சொல்லச் சொன்னாள். "தெரியுது... தெரியுது... இப்பவும் தெரியுது" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தேன். திடீரென்று அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், அந்த இரும்பு என் காலிலேயே இல்லை. என் காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"காதுல கேக்கறத வச்சி சொல்றீங்களே அக்கா" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் அந்த ஙொய் சத்தத்தைத்தான் அதிர்வு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து கரண்ட் வைத்துப் பார்க்கிற பரிசோதனை. கணுக்காலுக்குப் பின்னால் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஒருக்களித்துப் படுங்கள் என்றாள். படுத்தேன். பஞ்சால் காலைத் துடைத்துக்கொண்டே வந்தவளின் கை சட்டென்று நின்றது. "அக்கா, இங்க அழுத்தறேன், வலிக்குதா?" என்று கேட்டாள். எங்கே அழுத்துகிறாய் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அவள் கத்தவில்லை, பதறவில்லை. ஸ்டிக்கரை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். பிறகு தன் போனில் ஒரு படம் எடுத்து எனக்குக் காட்டினாள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளி, சுற்றிலும் ஊறிப்போன வெள்ளைத் தோல், அழுத்தின இடத்தில் சீழ். யாருடைய காலோ என்றுதான் முதலில் பார்த்தேன். டாக்டரம்மா அங்கேயே கீறி உள்ளேயிருந்து எடுத்தது ஒரு வேலிகாத்தான் முள். வரப்பு ஓரமெல்லாம் அந்தச் செடிதானே மண்டிக் கிடக்கிறது. அந்த முள்ளோடுதான் நான் எத்தனையோ நாள் உப்பு வாரியிருக்கிறேன்.

கீறுவதற்கு முன் மரத்துப்போக ஊசி போடுகிறேன் என்று அவர் சொன்னபோதுகூட, ஏற்கெனவே மரத்த காலுக்கா என்று நான் சிரித்தேன். எலும்பு வரை பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும், பரவியிருந்தால் விரலை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்னபோதுதான் சிரிப்பு போனது. எக்ஸ்ரே அறைக்கு வெளியே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வாய்விட்டு அழுதேன். புற்றுநோய் என்று சொன்ன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை. மார்பு இல்லாமல் பாத்தியில் இறங்கிவிட்டேன், விரலில் தொடங்கிக் காலே போய்விட்டால் எப்படி இறங்குவேன்? அந்தச் சின்னப் பெண் தன் வேலையை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு, எக்ஸ்ரே வரும்வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என் துண்டு நழுவியபோது எடுத்துத் தலையில் கட்டிவிட்டாள்.

நல்ல வேளை, எலும்பைத் தொடவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தன்னால் எதுவும் செய்திருக்க முடியாது என்றார் டாக்டரம்மா. கட்டுப் போட்டுக்கொண்டே, "இத்தன நாளு எப்படிம்மா தெரியாம இருந்துது? போன்ல புண்ணு இல்லன்னீங்களே" என்று கேட்டார். நான் எங்கள் எரிச்சல் கணக்கைச் சொன்னேன். கட்டுத் துணியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். உங்கள் கரைப் பக்கத்திலிருந்து இந்த ஆராய்ச்சிக்கு வேறு சிலரும் வருகிறார்கள், அவர்களும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றார். பேர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கே எல்லோருக்கும் போன் போட்டுக் காலைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த முறை எனக்கு வந்த போனில் கேள்வியும் மாறியிருந்தது. புண் இருக்கிறதா என்று கேட்கவில்லை. "இன்னிக்குக் காலைத் திருப்பிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார்கள்.

புண் ஆறும் வரை வீட்டில் கிடந்தேன். அப்புறம் நரம்புப் பரிசோதனையை முழுசாகச் செய்தார்கள். பாதத்தில் தொடு உணர்ச்சி நரம்பு நன்றாகவே அடி வாங்கியிருக்கிறது, மெதுவாகத் திரும்பலாம், எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். பாத்திக்குப் போகலாமா என்று கேட்டேன். முழங்கால் வரை கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, தினமும் உள்ளங்காலைப் பார்த்த பிறகு போகலாம் என்றார் டாக்டரம்மா.

இப்போது கம்பூட்ஸோடு உப்பு வாருகிறேன். "கலெக்டரம்மா வர்றாங்க, வழி விடுங்கடி" என்று பெண்கள் கலாய்க்கிறார்கள். கலாய்க்கட்டும். உள்ளங்காலைப் பார்ப்பதில்தான் ஒரு சிக்கல் வந்தது. எனக்குக் கிட்டத்தில் கண் சரியாகத் தெரியாது, முகம் பார்க்கிற கண்ணாடியைக் காலுக்குக் கீழே வைத்துப் பார்த்தாலும் நிழலும் முள்ளும் ஒன்றாகத்தான் தெரிந்தது. ஒரு நாள் நான் திண்டாடுவதைப் பார்த்துவிட்டு, "குடு இப்படி" என்று வரப்பிலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார் என் வீட்டுக்காரர். எங்கள் பக்கத்தில் பெண்டாட்டி புருஷன் இருக்கிற பக்கம் காலைக்கூட நீட்ட மாட்டாள். சுற்றிலும் ஆட்கள் நிற்கிறார்கள். "ஐயோ, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன். "பாக்கட்டும். கால் இருந்தாத்தான நீ எங்கூட சண்ட போட வருவ" என்று பாதத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் நடக்கிறது இது. விரல் இடுக்கெல்லாம் விரித்துப் பார்த்து, துணியால் துடைத்து, "ஒண்ணும் இல்ல, போ" என்பார். அவர் கை என் உள்ளங்காலில் படுவதே எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மனுஷர் பார்த்துவிட்டார் என்கிற ஒரே தைரியத்தில், ஒவ்வொரு நாளும் தலைநிமிர்ந்து பாத்தியில் இறங்குகிறேன்.