வாதூல கோத்திரத்து மாவீரன்

அபிராமபுரத்தில் எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஸ்ரீனிவாசராகவன் என்று ஒரு பாதுகாப்பு நிபுணர் குடியிருந்தார். தியாகராய நகரில் ஒரு வங்கியின் கிரெடிட் கார்டு பிரிவில் அதிகாரி. உலகத்திலுள்ள திருடர்கள் எல்லாம் மற்ற வேலையை விட்டுவிட்டுத் தன் கார்டு நம்பருக்காகவே காத்துக் கிடக்கிறார்கள் என்பது அவருடைய திடமான நம்பிக்கை. பாண்டி பஜாரில் இரண்டு பனியன் வாங்கினால்கூட, கார்டைத் தேய்க்கிற மெஷினிலிருந்து கார்பன் தாளைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார். அதில் நம்பர் பதிந்திருக்குமாம். வீட்டுக்கு வந்ததும் கற்பூரத் தட்டில் வைத்துக் கொளுத்துவார். அந்தத் தட்டைத் தேய்த்துத் தேய்த்து அவர் மனைவி சூடாமணி மாமிக்குக் கை அலுத்துவிட்டது.

நான் கீழ் வீடு. பெயர் மாணிக்கவாசகம், இன்சூரன்ஸ் ஏஜெண்ட். ஜனங்களின் பயத்தில் பிழைப்பு நடத்துகிறவன் என்பதால் பயந்தாங்கொள்ளிகள் மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. ஆனால் இந்த மனிதரிடம் ஒரு பாலிசி விற்க முடியவில்லை. பிறந்த தேதியை உமக்கு எதற்குச் சொல்ல வேண்டும் என்று என்னையே குறுக்கு விசாரணை செய்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் டெலிபோனுக்குக்கூடப் பூட்டு. வருகிற போனை எடுக்கலாம், இங்கிருந்து போட முடியாது. சாவி அவருடைய பூணூலில். புனேயில் இருக்கும் மகள் ஷ்ரேயாவோடு பேச வேண்டுமென்றால், அவளாகக் கூப்பிடும்வரை மாமி போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அவரோ வீட்டில் வாயைத் திறப்பதே உத்தரவு போடத்தான். மோட்டாரை நிறுத்து, கதவைத் தாழ்ப்பாள் போடு, இவ்வளவுதான் சம்பாஷணை.

தொண்ணூற்றொன்பதில் மயிலாப்பூரில் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் முளைத்தது. லஸ் பக்கம் காஷிஃப் என்ற இளைஞன் ஒன்று வைத்தான். இவர் அங்கே போனதே, இன்டர்நெட்டில் கார்டு நம்பரை எப்படித் திருடுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்யத்தான். அங்கே காஷிஃப் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தான். எந்தெந்த தேசத்திலோ இருப்பவர்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஆடுவது. ஆளுக்கு ஒரு பாத்திரம். பலத்துக்கு இவ்வளவு, புத்திக்கு இவ்வளவு, தர்ம குணத்துக்கு இவ்வளவு என்று மார்க்கைப் பிரித்துப் போட்டு, அந்தப் பாத்திரத்தை நாமே வளர்க்க வேண்டும். ஆபீஸில் குமாஸ்தாக்களின் குணநலனுக்கு மார்க் போட்டே பழகியவர் ஆயிற்றே, ஆசை வந்துவிட்டது. ராகு காலம் தாண்டட்டும் என்று காத்திருந்து ஒரு மாவீரனைப் படைத்தார். மார்க்கை முழுக்கப் புத்திக்கே போட்டார். பலம் பூஜ்யம். மாவீரனை முதல் நாளே ஒரு எலி கடித்துக் கொன்றுவிட்டது.

அதன் பிறகு ரோஷம் வந்து ஒழுங்காக வளர்த்தார். ஆனால் ஆட்டத்துக்கு மாதச் சந்தா உண்டு, கார்டு நம்பரைக் கொடுத்தாக வேண்டும். ஊர் முழுக்கக் கொடுக்காதே கொடுக்காதே என்று தொண்டை கிழியக் கத்தியவர், ஒரு பெரிய துண்டால் தன்னையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு, சளிக்கு ஆவி பிடிப்பவர் மாதிரி உள்ளே குனிந்து நம்பரை அடித்தார். முடித்துவிட்டுக் கைரேகை தங்கக் கூடாது என்று கீபோர்டையும் துடைத்தார். பாஸ்வேர்டு விஷயத்தில் அவருக்குத் தனிப் பெருமை. வெள்ளைக்காரன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று காஷிஃபிடம் பீற்றிக்கொண்டார்.

எட்டு மாதத்தில் மாவீரன் ஒரு கோட்டைக்கே அதிபதி. ஏழைக்கு அள்ளிக் கொடுப்பவன், அடிபட்டவனுக்கு மருந்து கட்டுபவன், யாரோ ஒரு வைத்தியக்காரிக்கு வார்த்தைக்கு வார்த்தை ‘மிக்க நன்றி சகோதரி’ சொல்பவன். அதை ஒருநாள் கண்ணால் பார்த்துவிட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோயில் வாசலில் சில்லறை இல்லை என்று கையை விரிக்கிற மனுஷன் ஐயா இவர்!

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமி படபடவென்று இறங்கி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. காஷிஃப் போன் பண்ணினானாம். சாருடைய கோட்டையை அடிக்கிறார்கள், உடனே வரவில்லையென்றால் எல்லாம் போய்விடும் என்றானாம். எந்தக் கோட்டை, எந்த அடி என்று மாமிக்கு என்ன தெரியும்? வீட்டுக்காரர் ஏதோ கார்டு மோசடியில் மாட்டிக்கொண்டார், வேலை போகப் போகிறது என்றே நினைத்துவிட்டார். அவருக்குச் சொல்லலாம் என்றால் போனில் பூட்டு. என் வீட்டிலிருந்து கூப்பிடலாம் என்றாலோ, அடையாறில் ஏதோ மாதர் சங்கத்தில் கார்டு பாதுகாப்பு பற்றிப் பேசப் போயிருக்கிறார், எந்தச் சங்கம் என்று சொல்லவில்லை. அதுவும் பாதுகாப்புக் காரணமாக இருக்கும். அது ஏதோ விளையாட்டு மாமி என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. நானும் மாமியும் ஆட்டோ பிடித்து லஸ்ஸுக்கு ஓடினோம்.

காஷிஃப் பொறுமையாக விளக்கினான். அவனும் இது விளையாட்டுதான் என்றதும் மாமிக்கு மூச்சு வந்தது. இருந்தாலும் எட்டு மாத உழைப்பாம், உள்ளே போய்க் கதவை அடைத்தால் கோட்டை தப்பிக்குமாம். பாவம், ஆசையாக ஏதோ செய்திருக்கிறார், காப்பாற்றிக் கொடுப்போம் என்று மாமி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பாஸ்வேர்டு தெரியாதே மாமி. சார் துண்டப் போட்டு மூடிக்கினுதான் அடிப்பாரு. வெள்ளைக்காரனால ஏழு ஜென்மத்துக்கும் முடியாதுன்னுவாரு” என்றான் காஷிஃப்.

மாமி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “வெள்ளைக்காரனுக்கு என்ன கிடையாது? கோத்திரமும் நட்சத்திரமும். வாதூலம், உத்திராடம். இங்கிலீஷ்ல சேர்த்து அடிச்சுப் பாரு” என்றார்.

கதவு திறந்துகொண்டது. திறக்காமல் என்ன செய்யும்? கல்யாணமான நாளிலிருந்து ஆஞ்சநேயர் சந்நிதியில் அர்ச்சகர் கேட்கும்போதெல்லாம், வரிசையில் நிற்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி மாமி உரக்கச் சொல்லிவந்த சமாசாரம்தானே அது!

உள்ளே நுழைந்ததும் திரையில் மாவீரனின் வாழ்க்கை வரலாறு வந்தது. ஆடுகிறவரே எழுத வேண்டியதாம். மாமி கல்யாணத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். நிதானமாகப் படித்தார். பின்னால் நின்று நானும் படித்தேன். ‘இவனது மனைவி பத்து ஆண்டுகளுக்கு முன் கொள்ளை நோயில் இறந்தாள். அவளை உயிராக நேசித்தவன். அந்தத் துயரமே இவனைக் கருணைக் கடலாக்கியது. யாரிடமும் கடிந்து பேச மாட்டான்.’

எனக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. காஷிஃப் கதவை அடைங்க மாமி, கதவை அடைங்க என்று பதறினான். மாமி கதவை அடைக்கவில்லை. இந்த ஆளை மொத்தமாக அழிக்க எங்கே அமுக்க வேண்டும் என்று கேட்டார். அவன் தயங்கித் தயங்கிக் காட்டினான். சொந்தக்காரர்தானா என்று உறுதி செய்துகொள்ள அது மறுபடியும் பாஸ்வேர்டு கேட்டது. இந்தத் தடவை மாமியே ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். மாவீரன் போய்ச் சேர்ந்தான்.

சாயங்காலம் ஸ்ரீனிவாசராகவன் ஆள் விட்டு என்னை மாடிக்குக் கூப்பிட்டார். வரும் வழியில் லஸ்ஸில் எட்டிப் பார்த்திருக்கிறார். காஷிஃப் கெட்டிக்காரன், யார் செய்தது என்று மூச்சு விடவில்லை. மனிதர் இடிந்துபோயிருந்தார், கண்ணெல்லாம் சிவப்பு. சர்வதேசத் திருட்டுக் கும்பலின் வேலை ஓய், கார்டை முடக்க வேண்டும், போலீஸுக்குப் போக வேண்டும், நீர் சாட்சிக் கையெழுத்துப் போடும் என்று புலம்பினார். எட்டு மாதமாகப் பெற்ற பிள்ளையைப் போல வளர்த்தேனே என்று சொல்லும்போது குரலே உடைந்துவிட்டது. ஷ்ரேயா புனேக்குப் போன அன்றைக்குக்கூட இப்படி உடைந்து நான் பார்த்ததில்லை.

மாமி காபி கொண்டுவந்து எனக்கு ஒன்றும் அவருக்கு ஒன்றும் வைத்தார்.

“நான்தான் அழிச்சேன்” என்றார். “நான் செத்துப்போய்ப் பத்து வருஷம் ஆறதுன்னு எழுதியிருக்கேள். ஒரு திவசமாவது பண்ணினேளா?”

பாதுகாப்பு நிபுணர் என்னைப் பார்த்தார், நான் காபியைப் பார்த்தேன். அது சும்மா ஆட்டத்துக்காக எழுதினது, மனசுல அடிபட்டாத்தான் பாத்திரத்துக்கு நல்ல குணம் வந்ததுன்னு ஆடறவா நம்புவா என்று என்னவோ முனகினார்.

“நல்ல குணமாத்தான் இருந்தது” என்றார் மாமி. “அந்த மனுஷர், நான் உசிரோட இருக்கறச்சே ஒரு நாளாவது ஆத்துக்கு வந்திருக்கலாம்.”