லேகியக் கம்பெனியின் சைக்கிள் செட்டு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் நான்கு பேர் சைக்கிள் மிதித்தே சோறு தின்றார்கள் என்று சொன்னால் என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். ஓசூர்க் கம்பெனிகளுக்கு பஸ்ஸில் போய் வருகிறதுகள், சாயந்திரமானால் ஜிம்முக்குப் போய் நகராத சைக்கிளை ஒரு மணி நேரம் மிதித்துவிட்டு வருகிறதுகள். அதுகள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எங்கள் ஊர் சேலம் ஜில்லாவோடு சேர்ந்திருந்த காலம் அது. ஐம்பதுகளின் நடுவில் எனக்கு எட்டு வயது. அந்த நான்கு பேரில் ஒருவர் என் மாமா, அம்மாவின் ஒரே தம்பி. அப்பா பெங்களூர் மில்லில் வேலை பார்த்து மாதம் ஒரு தரம் வந்து போனதால் வீட்டில் இருந்தது அம்மாவும் மாமாவும் நானும்தான்.

பாண்டு செட்டு, நாடக செட்டு என்பது போல அதற்கு சைக்கிள் செட்டு என்று பெயர். செட்டை நடத்தியவர் பேட்டை முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். திருவிழா, சந்தை, எலெக்ஷன், எது வந்தாலும் எங்காவது ஒரு பந்தயம் இருக்கும். ராயக்கோட்டையிலிருந்து தர்மபுரி, ஊத்தங்கரையிலிருந்து திருப்பத்தூர் என்று ரோட்டில் விடுவார்கள். செட்டுக்குச் சோறு போட ஒரு முதலாளி வேண்டும். அவருடைய சரக்கின் பெயரை நெஞ்சிலும் முதுகிலும் தைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

முதலில் ஒரு பீடிக் கம்பெனி. ஒவ்வொரு ஊர் எல்லையிலும் பீடி பற்றவைத்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும் என்பது அவர்களுடைய நிபந்தனை. மூச்சு வாங்க ஏறி வருகிறவன் வாயில் பீடி! அவர்கள் இரண்டு வருஷத்தில் அண்ணன் தம்பி சண்டை போட்டுக் கம்பெனியை மூடினார்கள். அப்புறம் ஒரு சோடாக் கம்பெனி. அது போன பிறகு மூக்குப்பொடி. பொடிக்காரர் நல்ல மனிதர், பொடி போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பனியனில் தைக்கிற பெயர்த் துணிகளைப் பொடி மூட்டையோடு சேர்த்து அனுப்பியதால் நான்கு பேரும் தும்மிக்கொண்டே பர்கூர் வரை போனார்கள் என்று ஊரே சொல்லிச் சிரித்தது. முதலாளி மாறினால் பனியன் மாறாது. அம்மாதான் பழைய பெயரின் மேல் புதுப் பெயர்த் துணியை வைத்துத் தைத்துக் கொடுப்பாள். இதனால் மாமாவின் பனியன் வருஷத்துக்கு வருஷம் கனத்துக்கொண்டே போயிற்று.

கடைசியாக வந்தவர் லேகியக்காரர். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். வெள்ளை ஜிப்பா, தங்கப் பல். என்னை ‘மகு’ என்றுதான் கூப்பிடுவார், அவர் பாஷையில் குழந்தை என்று அர்த்தம். அவருடைய லேகியம் நெஞ்சுக்குப் பலம், மூச்சுக்குத் தெம்பு. டப்பாவிலும் பனியனில் தைக்கிற துணியிலும் ஒரு பயில்வான் எருமையைத் தோளில் தூக்கிக்கொண்டு நிற்பான். பந்தயப் பாதையில் கூட்டம் கூடுகிற இடமாகப் பார்த்துத் தன் வேனை நிறுத்துவார். செட்டுக்காரர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் ஹேண்டில்பாரை விட்டுவிட்டு நிமிர்ந்து, இரண்டு கையையும் விரித்து நெஞ்சைக் காட்ட வேண்டும். அவர் மைக்கில், “பாருங்கப்பா இந்த மார்பை!” என்பார். டப்பாக்கள் பறக்கும். மேட்டில் ஏறுவதில் மாமாவை அடிக்க ஆள் கிடையாது என்பதால் அவர் காட்டுகிற மார்பு பெரும்பாலும் மாமாவுடையது. எனக்கு அதில் எவ்வளவு கர்வம் தெரியுமா!

அந்த மார்புக்குள்தான் வியாதி இருந்தது.

அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுடைய அக்கா, எனக்குப் பெரியம்மா, இருமி இருமித்தான் போய்ச் சேர்ந்தாளாம். அந்த வியாதியின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். மாமா இரும ஆரம்பித்ததும் அம்மா சர்க்கார் ஆஸ்பத்திரி டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாள். மதனப்பள்ளிப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் இதற்கு இப்போது ஊசி இருக்கிறது, பிழைத்து வருகிறார்கள், இருமலில் ரத்தம் கண்டால் ஒரு நாள் தாமதிக்காதே, மூச்சு வாங்குகிற வேலை எதையும் செய்ய விடாதே என்று சொல்லி அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டை அம்மா அரிசிப் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

“டே சாமி, ஒரு சொட்டு ரத்தம் என் கண்ணுல படட்டும், அன்னைக்கே உன்ன பஸ்ஸு ஏத்திடுவன். உன் சைக்கிள கொண்டுபோயி ஏரியில போட்டுடுவன்” என்றாள்.

“வெறும் சளிக்கா. ஓசூர் தேர்ப் பந்தயம் ஒண்ணு முடியட்டும். நான் இல்லன்னா லேகியக்காரு செட்ட விட்டுடுவாரு. நாலு வீட்டு அடுப்பு அணைஞ்சிடும்” என்றார் மாமா.

அந்த வாரம்தான் மாமா வெற்றிலை போட ஆரம்பித்தார். அதுவரை பாக்கைக்கூடக் கடித்தறியாத மனிதர். இரண்டு நாளில் செட்டு முழுக்க வெற்றிலை போட ஆரம்பித்தது. சைக்கிள் கடைக்காரர்கூடக் குதப்பிக்கொண்டு நின்றார். நான்கு பேரும் துப்பித் துப்பி எங்கள் தெரு ஓரமெல்லாம் சிவப்பாயிற்று. புது ஸ்டைல் என்று நான் நினைத்தேன். யாருடைய எச்சில் எது என்று அம்மாவால் கண்டுபிடிக்க முடியாமல் செய்வதற்காக மற்றவர்கள் எல்லாம் வாய் வெந்தார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? பாவிகள், பாசத்தில்தான் செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. வெற்றிலை போட்டு யாருக்கு வாய் நன்றாகச் சிவக்கிறதோ அவர்தான் வீட்டு மனுஷர் மேல் உயிராக இருப்பவர். பெண்கள் நாக்கை நீட்டிக் காட்டி ஒருவரையொருவர் கேலி செய்வார்கள். மாமாவின் நாக்கைத் தினமும் நீட்டச் சொல்லிப் பார்த்தது நான்தான். செட்டிலேயே அவருக்குத்தான் சிவப்பு அதிகம்.

ஒரு காலையில் பல் விளக்கப் புழக்கடைக்குப் போனேன். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமிக்கொண்டிருந்தார். மண்ணில் சிவப்பாக விழுந்தது. அவர் காலால் மண்ணைத் தள்ளி மூடினார். திரும்பி என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“வெத்தல, பாப்பா” என்றார்.

வெற்றிலைப் பை உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்ததிலிருந்து அவர் அதைத் தொடவில்லை. மறுநாளும் பார்த்தேன், அதற்கு மறுநாளும் பார்த்தேன், அப்படியேதான். அது ரத்தமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரத்தம் என்றால் முட்டி பெயர்ந்தால் வருவது, மாமாவுக்குத்தான் எங்கும் அடிபடவில்லையே. நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். மற்றவர்களுக்கு வெற்றிலை போட்டால்தான் வாய் சிவக்கும். எங்கள் மாமாவுக்கு எங்கள் மேல் இருக்கிற பாசத்துக்குப் போடாமலே சிவக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

பந்தயத்துக்கு முதல்நாள் லேகியக்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா சைக்கிள் கடையில் இருந்தார். அம்மா தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். நான் மட்டும் வாசலில் இருந்தேன். என் பெருமையை யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போலிருந்த சமயம்.

“எங்க மாமாவுக்கு வெத்தல போடாமயே வாய் செவக்கும், தெரியுமா?” என்றேன்.

அவர் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஜிப்பாவைத் தூக்கிக்கொண்டு என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். அவ்வளவு பெரிய மனிதர் என் உயரத்துக்கு உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை.

“எப்போ மகு?”

“தினமும் காலையில. இருமுனா வரும்.”

“நொரையா வருமா?”

“ஆமா, நொரை நொரையா. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பையிலிருந்து ஒரு சின்ன லேகிய டப்பாவை எடுத்து என் கையில் வைத்தார். “நல்ல பொண்ணு. இத வேற யாருகிட்டயும் சொல்லாதே. அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது. இந்த மாதிரி விசேஷத்த வெளிய சொன்னா கண்ணு பட்டுடும். மாமாவுக்கு ஆகாது” என்றார். தலையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன். அம்மா வந்து தண்ணீர் கொடுத்தபோது தாகமில்லை என்று சொம்பைத் தொடாமலே எழுந்துகொண்டார்.

மாமாவை நிறுத்திவிடுவாரோ என்று எனக்குப் பயமே வரவில்லை. நிறுத்தவும் இல்லை. அன்று சாயந்திரம் சைக்கிள் கடை வாசலில் நின்று அவர் கடைக்காரரிடம் சொன்னதை நானே கேட்டேன். “மேலுமலை ஏத்தத்துல ஜனம் நிக்கும். வேன் அங்கதான் நிறுத்தறேன். உம்ம ஆளு அங்க மொதல்ல வரணும், நிமிந்து காட்டணும். மத்தது எனக்கு வேண்டாம்.” மாமா கிட்டே வந்தபோது இவர் இரண்டடி பின்னால் போனார். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தது. மாமா பனியன் போட்டுக்கொண்டு நின்றார். அம்மா திருநீற்றுத் தட்டை எடுத்தவள் பூசாமல் என்னை அருகே இழுத்தாள். டாக்டர் கொடுத்த சீட்டு அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

“கண்ணு, நீதான் காலையில அவங்கூடப் பொறக்கடையில இருக்கற. பொய் சொல்லாத சொல்லு. வெத்தல போடறதுக்கு முன்னாடி துப்புறானே, அது செவப்பா இருக்குதா?”

மாமா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. கெஞ்சினாரா, சொல்லிவிடு என்றாரா, தெரியவில்லை. நான் கண் பட்டுவிடும் என்பதை மட்டும் நினைத்தேன்.

“வெள்ளையாத்தாம்மா இருக்குது” என்றேன்.

அம்மா பெருமூச்சு விட்டுத் தம்பி நெற்றியில் திருநீறு பூசினாள். மாமா என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்துவிட்டு வெளியே போய் சைக்கிளை எடுத்தார்.

செட்டு வீட்டுக்காரர்களை எல்லாம் லேகிய வேனிலேயே மேலுமலைக்குக் கூட்டிப் போனார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் ஜனம். குருபரப்பள்ளிப் பக்கமிருந்து மேட்டில் முதலில் தெரிந்த தலை மாமாவுடையது. பின்னால் ஒருவரையும் காணோம். நான் வேன் மேல் நின்று கத்தினேன். மாமா வாயைத் திறந்துகொண்டு, கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, மிதித்து மிதித்து ஏறி வந்தார். வேனுக்கு நேராக வந்ததும் சொன்னபடியே ஹேண்டில்பாரை விட்டு நிமிர்ந்தார். இரண்டு கையையும் விரித்தார். “பாருங்கப்பா இந்த மார்பை!” என்று மைக் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாயிலிருந்து குபுக்கென்று கொட்டி, பயில்வானும் எருமையும் நனைந்துபோய், சைக்கிளோடு சாய்ந்தார்.

“ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல! வெத்தலச் சாறு! தள்ளி நில்லுங்க!” என்று மைக்கில் குரல் வந்தது. அம்மா வேனிலிருந்து குதித்து ஓடினாள். மாமாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “வண்டியில ஏத்துங்க சாமி, கால்ல விழறன், ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்று கதறினாள். “வண்டியில மருந்து டப்பா இருக்கும்மா, இந்த வியாதிய அதுல ஏத்த முடியாது” என்றார் லேகியக்காரர். என்னையும் மற்ற பெண்களையும் இறக்கிவிட்டு வேன் ஓசூருக்குப் போய்விட்டது, முடிவுக் கோட்டில் இன்னொரு கூட்டம் காத்திருந்ததாம். புளி ஏற்றி வந்த ஒரு மாட்டுவண்டிக்காரர் மூட்டையை ரோட்டோரம் தள்ளிவிட்டு மாமாவை ஏற்றிக்கொண்டார். குருபரப்பள்ளி தாண்டுவதற்குள் மாமா போய்விட்டார். அவருக்கு வயது இருபத்து நான்கு.

செட்டு அதோடு கலைந்தது. சைக்கிள் கடைக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டு போனார். அடுத்த தேருக்குள் அந்த லேகியத்துக்குப் பெங்களூரில் வேறொரு செட்டு கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள்.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு வந்த பிறகு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்குத் தாங்கவில்லை. செய்த தப்பைச் சொல்லிவிடலாம் என்று பக்கத்தில் போனேன்.

“அம்மா, என்னாலதான். நான் லேகியக்காருகிட்ட சொல்லிட்டன். அதான் கண்ணு பட்டுடுச்சு.”

“என்னடி சொன்ன?”

எல்லாவற்றையும் சொன்னேன். புழக்கடை, மண்ணில் மூடிய சிவப்பு, நுரை, அவர் குந்தி உட்கார்ந்தது, சத்தியம், எல்லாம். முடித்ததும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“அவருகிட்ட என்னைக்குச் சொன்ன?”

“பந்தயத்துக்கு மொத நாளு.”

அம்மா என்னை அடிப்பாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் அடிக்கவில்லை. என்னை இழுத்து மார்போடு இறுக்கிக்கொண்டு, ரோட்டில்கூட அழாத அழுகை அழுதாள். அவரிடம் நான் சொல்லிவிட்டதற்காகத்தான் அப்படி அழுகிறாள் என்று நினைத்தேன். அவளைத் தேற்ற வேண்டுமே! அவள் தலைமேல் கையை வைத்து, “அழாதம்மா, இனிமே யாருகிட்டயும் எதையும் சொல்ல மாட்டன், சத்தியம்” என்றேன்.